மூன்றாவது படமும் கடைசிப் பெட்டியும்

நம் சங்கத்தின் பொங்கல் விழாவில் பந்தி நடந்துகொண்டிருந்தது. எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்த நாலைந்து இளைஞர்கள் ஒரு சினிமாவைப் பற்றிச் சூடாக வாதாடிக்கொண்டிருந்தார்கள். இலையில் பாயசம் விழுந்ததுகூட அவர்களுக்குத் தெரியவில்லை. ஏதோ புதுப் படம் போலிருக்கிறது என்று காது கொடுத்தேன். பார்த்தால், 2012ஆம் ஆண்டு வெளிவந்த ஆங்கிலப் படம்! 'தி டார்க் நைட் ரைசஸ்' என்ற பேட்மேன் படம். மூன்று படங்கள் கொண்ட வரிசையில் கடைசிப் படம். "முடிவில் அவன் செத்தானா, பிழைத்தானா?" என்பதுதான் வழக்கு.

என் பக்கத்தில் இருந்த பெரியவர், "இத்தனை வருஷம் கழித்து, அதுவும் ஒரு வெளிநாட்டுப் படத்துக்கு, இவ்வளவு சண்டையா சார்?" என்று கேட்டார். அன்று சிரித்து மழுப்பிவிட்டேன். ஆனால் அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கான பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் சினிமா விமர்சகன் அல்ல. டிப்ளமோ முடித்து ரயில்வேயில் சேர்ந்து, மாட்டுங்கா ஒர்க்‌ஷாப்பில் பெட்டிகளோடும் சக்கரங்களோடும் காலம் தள்ளி ஓய்வு பெற்றவன். ஆனால் இந்தப் படம் வெளியான வாரத்தில் எங்கள் வீட்டிலேயே ஒரு சின்னப் பூகம்பம் நடந்தது. ஆகவே இதைப் பற்றி எழுத எனக்கும் கொஞ்சம் உரிமை உண்டு.

மூன்று படங்களின் கதை

பேட்மேனை அறியாத பெரியவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். இவன் 1939ல் அமெரிக்கச் சித்திரக்கதை ஒன்றில் பிறந்தவன். உருவாக்கியவர்கள் பாப் கேன், பில் ஃபிங்கர் என்ற இருவர். கோத்தம் என்ற கற்பனை நகரத்தில் புரூஸ் வெய்ன் என்ற பணக்காரச் சிறுவனின் கண்ணெதிரே தாயும் தந்தையும் சுட்டுக் கொல்லப்படுகிறார்கள். வீட்டின் பழைய பணியாளரான ஆல்ஃபிரட் அவனை வளர்க்கிறார். வளர்ந்ததும் அவன் வௌவால் வேடம் போட்டு இரவில் குற்றவாளிகளை எதிர்க்கிறான். அவனுக்குப் பறக்கத் தெரியாது, மந்திர சக்தியும் கிடையாது. உடற்பயிற்சி, புத்தி, பணம், பிடிவாதம் இவைதான் மூலதனம். "நம்மைப் போல் ஒரு மனிதன்" என்பதால்தான் அவனுக்கு இத்தனை ரசிகர்கள்.

கிறிஸ்டோபர் நோலன் என்ற இயக்குநர் இந்தக் கதையை மூன்று படங்களாக எடுத்தார். 'பேட்மேன் பிகின்ஸ்' 2005லும், 'தி டார்க் நைட்' 2008லும், 'தி டார்க் நைட் ரைசஸ்' 2012லும் வந்தன. மூன்றிலும் கிறிஸ்டியன் பேல்தான் பேட்மேன். மைக்கேல் கேய்ன் ஆல்ஃபிரடாக நடித்தார்.

இரண்டாவது படம்தான் எல்லாவற்றையும் மாற்றியது. அதில் ஜோக்கர் என்ற வில்லனாக நடித்த ஹீத் லெட்ஜர், படம் வெளிவருவதற்கு முன்பே, 2008 ஜனவரியில், 28 வயதில் காலமாகிவிட்டார். அவருடைய மறைவுக்குப் பிறகு 2009ல் ஆஸ்கார் விருது அவருக்கு வழங்கப்பட்டது. அந்தப் படம் எட்டு ஆஸ்கார் பிரிவுகளில் பரிந்துரைக்கப்பட்டும், சிறந்த படத்துக்கான பட்டியலில் மட்டும் இடம் பெறவில்லை. ரசிகர்களுக்கு அது ஆறாத புண். "எங்கள் ஆளை மதிக்கவில்லை" என்ற அந்த உணர்ச்சியோடுதான் அவர்கள் மூன்றாவது படத்துக்காக நாலு வருஷம் காத்திருந்தார்கள்.

எல்.வி. பலகை

இங்கே என் தொழிலிலிருந்து ஓர் உதாரணம் சொல்ல அனுமதியுங்கள்.

நாம் ஊருக்குப் போகும் ரயிலின் கடைசிப் பெட்டியின் பின்புறத்தைப் பார்த்திருப்பீர்கள். பெரிய எக்ஸ் குறி இருக்கும். 'எல்.வி.' என்று எழுதிய ஒரு சின்னப் பலகையும் தொங்கும். 'லாஸ்ட் வெஹிக்கிள்' என்பதன் சுருக்கம் அது. இரவில் சிவப்பு விளக்கு மினுக்கும். இது அலங்காரத்துக்கு அல்ல. வண்டி ஸ்டேஷனைக் கடக்கும்போது எஞ்சின் போனதைப் பார்த்தால் மட்டும் போதாது, எல்.வி. பலகையையும் பார்க்க வேண்டும். பலகை இல்லையென்றால், வழியில் எங்கோ கப்ளிங் அறுந்து சில பெட்டிகள் பின்னாலேயே நின்றுவிட்டன என்று சந்தேகிக்க வேண்டும். பலகை தெரிந்தால்தான் வண்டி முழுசாக வந்து சேர்ந்தது என்று அர்த்தம்.

தொடர்கதையின் கடைசிப் பாகமும் அப்படித்தான். முதல் படத்தை ரசிகன் ஒரு படமாகப் பார்க்கிறான். கடைசிப் படத்தை அவன் ஒரு படமாகப் பார்ப்பதில்லை. ஏழு வருஷமாகத் தான் பயணம் செய்த வண்டி முழுசாக வந்து சேர்ந்ததா என்று பார்க்கிறான். ஒரு பெட்டி குறைந்தாலும் அவனுக்கு வண்டியே வரவில்லை.

ரசிகர்களின் குற்றப் பட்டியல்

அவர்கள் சொன்ன குறைகளைக் கேட்டால் சிரிப்பும் வரும், அட, சரிதானே என்றும் தோன்றும்.

முதல் குறை, பேட்மேன் எட்டு வருஷம் வேடத்தைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தது. நகரத்தைக் காப்பேன் என்று சபதம் செய்தவன் அப்படிச் செய்வானா என்று சித்திரக்கதை வாசகர்கள் கொதித்தார்கள்.

இரண்டாவது, முதுகெலும்பு. பேன் என்ற வில்லன் பேட்மேனின் முதுகை உடைக்கிறான். 1993ல் வந்த சித்திரக்கதையிலேயே இது உண்டு. ஆனால் படத்தில், கயிற்றில் தொங்கவிட்டு முதுகில் ஒரு குத்துவிட்டதும் எலும்பு சேர்ந்துகொள்கிறது. சில மாதங்களில் எழுந்து தண்டால் எடுக்கிறான்! முதுகு வலிக்குப் பெல்ட் போட்டுக்கொண்டு திரியும் எனக்கு அந்த வைத்தியரின் விலாசம் கிடைத்தால் தேவலை.

மூன்றாவது, பாதாளச் சிறையிலிருந்து தப்பிய பேட்மேன், கையில் காசில்லாமல், பாலங்கள் தகர்க்கப்பட்ட கோத்தம் நகரத்துக்குள் எப்படி நுழைந்தான்? படம் சொல்லவே இல்லை. வட இந்தியத் தமிழர்களுக்கு இதில் ஒரு சுவையான செய்தி உண்டு. அவன் சிறையிலிருந்து ஏறி வெளியே வரும் காட்சி 2011 மே மாதம் நம் ஜோத்பூரில் படமாக்கப்பட்டது. பின்னணியில் மெஹரான்கர் கோட்டை தெளிவாகத் தெரியும். சிறையின் உட்புறமோ இங்கிலாந்தில் கார்டிங்டன் என்ற இடத்தில் பழைய ஆகாயக் கப்பல் கொட்டகையில் போட்ட செட். உள்ளே இங்கிலாந்து, வெளியே ராஜஸ்தான்! ஜோத்பூரிலிருந்து ரிசர்வேஷன் இல்லாமல் ஊர் திரும்புவது எவ்வளவு கஷ்டம் என்று நமக்குத் தெரியும். ஆகவே ரசிகர்களின் இந்தக் கேள்வி நியாயமானதே.

நான்காவது, பூமிக்கு அடியில் மாதக் கணக்கில் சிக்கியிருந்த ஆயிரக்கணக்கான போலீஸ்காரர்கள் வெளியே வரும்போது நேற்று சலூனுக்குப் போனவர்கள் போல் இருந்தது. ஐந்தாவது, பங்குச் சந்தைக் கொள்ளை பட்டப்பகலில் தொடங்கி, சில நிமிடத் துரத்தலுக்குள் இருட்டிவிடுவது. ஆறாவது, அத்தனை பயங்கரமான பேன், கடைசியில் ஒரே குண்டில் சட்டென்று காணாமல் போவது. அவன் முகமூடிக்குள்ளிருந்து பேசியது புரியவில்லை என்ற புகார் வேறு. 2011 டிசம்பரில் ஆறு நிமிட முன்னோட்டக் காட்சியை வேறொரு படத்தோடு சேர்த்துக் காட்டியபோதே அந்தப் புகார் கிளம்பிவிட்டது.

இவற்றுக்கெல்லாம் மேலாக ஒரு வெற்றிடம். ஜோக்கரைப் பற்றி மூன்றாவது படத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை. மறைந்த நடிகருக்கு மரியாதையாகவே அப்படிச் செய்ததாக நோலன் சொன்னார். அது பண்பான முடிவுதான். ஆனாலும் ரசிகர் மனம் அந்தக் காலி நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தது.

இத்தனை குறை சொன்னவர்கள் படத்தைப் புறக்கணித்தார்களா? அதுதான் இல்லை. உலகம் முழுவதும் சுமார் 108 கோடி டாலர் வசூலாயிற்று. இரண்டாவது படத்தைவிட இது அதிகம். அமெரிக்காவில் மட்டும் முந்தைய படத்தைவிடக் குறைவு. பாராட்டியவர்களே பெரும்பாலோர். குறை சொன்னவர்களும் இரண்டு மூன்று முறை பார்த்துவிட்டுத்தான் குறை சொன்னார்கள். கல்யாணச் சாப்பாட்டில் சாம்பாரில் உப்புக் குறைவு என்பவர் மூன்றாம் முறை சாம்பார் வாங்கியிருப்பார் அல்லவா?

'எங்கள் படம்'

ரசிகர்கள் இதை 'எங்கள் படம்' என்று சொல்வது வெறும் மனப்பிரமை என்று நினைத்துவிடக் கூடாது. படத்தின் இசையமைப்பாளர் ஹான்ஸ் சிம்மர் 2011ல் ஒரு காரியம் செய்தார். பாதாளச் சிறையில் கைதிகள் கூட்டமாக எழுப்பும் ஒரு கோஷம் படத்தில் வருகிறது. 'எழுந்து வா' என்ற பொருளில் வரும் கோஷம் அது. அதை அவரவர் குரலில் பதிவு செய்து அனுப்பும்படி உலகெங்கும் உள்ள ரசிகர்களைக் கேட்டுக்கொண்டார். ஆயிரக்கணக்கானோர் அனுப்பினார்கள். அந்தக் குரல்களெல்லாம் படத்தின் இசையில் சேர்ந்தன. அதாவது டிக்கெட் வாங்கி உட்கார்ந்தவனின் குரலே திரையிலிருந்து அவனுக்குக் கேட்டது. பிறகு அவன் உரிமை கொண்டாட மாட்டானா?

உரிமை கொண்டாடட்டும். ஆனால் அந்த உரிமைக்கு ஓர் எல்லை உண்டு. அதைத்தான் 2012 ஜூலை மாதத்து ஒரு வாரம் எனக்குக் காட்டியது.

அந்த ஒரு வாரம்

படம் ஜூலை 20, வெள்ளிக்கிழமை வெளியாகவிருந்தது. அதற்கு முன்னதாகவே பத்திரிகை விமர்சகர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். ராட்டன் டொமேட்டோஸ் என்ற இணையதளம், வெளியாகும் விமர்சனங்களைத் திரட்டி, நூற்றுக்கு எத்தனை பேர் நல்லதாகச் சொன்னார்கள் என்று கணக்கிடும். முதலில் வந்தவை எல்லாம் பாராட்டுகள். பிறகு ஒருவர், படம் சுமார்தான் என்று எழுதினார். நூற்றுக்கு நூறு போயிற்று! உடனே ரசிகர்கள் பாய்ந்தார்கள். வசை மட்டுமல்ல, அடிப்பேன், கொல்வேன் என்ற மிரட்டல்களும் வந்தன. ஜூலை 17 வாக்கில் அந்தத் தளம் இந்தப் படத்தின் விமர்சனங்களுக்கு வாசகர்கள் கருத்து எழுதும் வசதியையே நிறுத்தி வைத்தது. அதன் வரலாற்றில் அப்படிச் செய்தது அதுவே முதல் தடவை.

இதில் வேடிக்கை என்னவென்றால், மிரட்டியவர்களில் அநேகமாக யாருமே அப்போது படத்தைப் பார்த்திருக்கவில்லை. படம்தான் இன்னும் வெளியாகவே இல்லையே! பார்க்காத படத்துக்காக, பார்த்தவரைத் திட்டினார்கள். அவர்கள் காப்பாற்றியது படத்தை அல்ல, தங்கள் எதிர்பார்ப்பை.

அந்த வாரம் என் மகன் பன்னிரண்டாம் வகுப்பு. கம்ப்யூட்டரில் ஏதோ மும்முரமாகத் தட்டிக்கொண்டிருந்தவனிடம், "என்னடா எழுதுகிறாய்?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்லப்பா, ஒருத்தன் நம்ம படத்தைப் பத்திக் கண்டபடி எழுதியிருக்கான்" என்றான். எட்டிப் பார்த்தேன். அவன் எழுதியிருந்ததை இங்கே எழுத முடியாது. எங்கள் வீட்டில் யாரும் வாயால் சொல்லாத வார்த்தைகள். நான் சத்தம் போட்டேன். "உங்களுக்கு இதெல்லாம் புரியாதுப்பா" என்று அவனும் சத்தம் போட்டான். இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. தகவல் பரிமாற்றமெல்லாம் என் மனைவி வழியாகத்தான்.

வெள்ளிக்கிழமை மாலை வீடு திரும்பியபோது டி.வி.யில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. 'அரோரா தியேட்டரில் துப்பாக்கிச் சூடு' என்று காதில் விழுந்ததும் ஒரு கணம் திக்கென்றது. மும்பைத் தமிழனுக்கு அரோரா என்றால் கிங்ஸ் சர்க்கிள் அரோரா தியேட்டர்தானே! ரஜினி படம் வெளியாகும் நாளில் விடியற்காலையிலேயே மேளமும் பட்டாசுமாக நம் ஆட்கள் கூடிய இடம். பிறகுதான் புரிந்தது, இது அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில் உள்ள அரோரா என்ற ஊர். நள்ளிரவு முதல் காட்சியில் இந்தப் படம் ஓடிக்கொண்டிருந்தபோது ஒருவன் உள்ளே புகுந்து சுட்டதில் 12 பேர் இறந்தார்கள். 70 பேர் காயமடைந்தார்கள். இறந்தவர்களில் ஆறு வயதுக் குழந்தையும் ஒன்று.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். அந்தக் கொடுமைக்கும் விமர்சகர்களை மிரட்டிய ரசிகர்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. செத்தவர்கள்தான் ரசிகர்கள். தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு முதல் ஆளாகப் பார்க்க வேண்டும் என்று ஆசையோடு வந்தவர்கள். பாரிஸில் நடக்கவிருந்த சிறப்புக் காட்சியை ரத்து செய்தார்கள். நாலு நாள் கழித்து கிறிஸ்டியன் பேல் அந்த ஊர் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காயமடைந்தவர்களைப் பார்த்தார்.

என் மகன் டி.வி. முன்னால் நின்றுகொண்டே இருந்தான். பிறகு தன் அறைக்குப் போனான். ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோது, தட்டைப் பார்த்துக்கொண்டே, "அப்பா, கொன்னுடுவேன்னு நானும் எழுதினேன்ப்பா" என்றான். நான் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு என் பாலிடெக்னிக் ஹாஸ்டல் ஞாபகம் வந்தது. 1975 வாக்கில் நான் எம்.ஜி.ஆர். கட்சி, என் அறை நண்பன் சிவாஜி கட்சி. ஒரு நாள் வாய்ச்சண்டை கைகலப்பாகி நான் தள்ளியதில் அவன் கண்ணாடி உடைந்தது. படிப்பு முடியும் வரை அவன் என்னிடம் பேசவில்லை. எந்தப் படத்துக்காகச் சண்டை போட்டோம் என்பது இன்று நினைவில்லை. உடைந்த கண்ணாடி மட்டும் நினைவிருக்கிறது. அன்றிரவு அதை மகனிடம் சொன்னேன். அதுவரை வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை.

செத்தானா, பிழைத்தானா?

ஞாயிற்றுக்கிழமை இருவரும் சேர்ந்தே படத்துக்குப் போனோம். இரண்டே முக்கால் மணி நேரப் படம். இப்போது பந்தியில் கேட்ட வழக்குக்கு வருகிறேன். படம் பார்க்காதவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடலாம்.

முடிவில் பேட்மேன், வெடிக்கப்போகும் அணுகுண்டைத் தன் விமானத்தில் கட்டி இழுத்துக் கடல்மேல் கொண்டுபோகிறான். குண்டு வெடிக்கிறது. ஊரே அவன் இறந்துவிட்டதாக நம்புகிறது. இறுதிச் சடங்கில் போலீஸ் கமிஷனர் சார்லஸ் டிக்கன்ஸின் 'இரு நகரங்களின் கதை' நாவலின் கடைசி வரிகளைப் படிக்கிறார். ஆல்ஃபிரட் கல்லறைமுன் நின்று தேம்பி அழுகிறார். பிறகு இத்தாலியில் ஃபிளாரன்ஸ் நகரத்தில் ஒரு காபிக் கடை. அங்கே ஆல்ஃபிரட் நிமிர்ந்து பார்க்கிறார். சற்றுத் தள்ளி இன்னொரு மேஜையில் புரூஸ், ஒரு பெண்ணோடு. இருவரும் லேசாகத் தலையசைத்துக்கொள்கிறார்கள். அவ்வளவுதான்.

ஒரு கட்சி, இது கிழவரின் கற்பனை என்கிறது. இன்னொரு கட்சி, நிஜம் என்கிறது. பொறியியல்காரன் என்ற முறையில் நான் தடயங்களைப் பார்க்கிறேன். அந்த விமானத்தின் ஆட்டோ பைலட் கருவி பழுது என்று முதலில் சொல்லப்படுகிறது. கடைசியில், ஆறு மாதத்துக்கு முன்பே புரூஸ் வெய்ன் அதைச் சரிசெய்துவிட்டார் என்று தொழில்நுட்ப ஊழியர்கள் சொல்கிறார்கள். அவன் தாயின் முத்துமாலை சொத்துக் கணக்கில் காணவில்லை. பேட்மேனை அழைக்கும் விளக்கு பழுது பார்க்கப்பட்டிருக்கிறது. இத்தனையும் கிழவர் கற்பனையில் வராது. கிறிஸ்டியன் பேலும் பின்னாளில் ஒரு பேட்டியில், தன் சொந்தக் கருத்தில் அது கனவல்ல, நிஜமே என்று சொன்னார். ஆகவே வண்டி வந்து சேர்ந்தது. எல்.வி. பலகையை நான் பார்த்தேன்.

ஆனால் தடயத்தைவிட வேறொன்றுதான் என் மனதைத் தொட்டது. அந்தக் காபிக் கடையைப் பற்றி ஆல்ஃபிரட் முன்பே சொல்லியிருக்கிறார். புரூஸ் ஊரைவிட்டுப் போயிருந்த ஏழு வருஷமும் அவர் ஆண்டுதோறும் அங்கே போய் உட்கார்வாராம். எங்கோ ஓரிடத்தில் பையன் குடும்பத்தோடு சந்தோஷமாக இருப்பதைத் தூரத்திலிருந்து பார்த்தால் போதும், பேசக்கூட வேண்டாம் என்பது அவர் ஆசை. சூப்பர் ஹீரோ படத்தில் இது என்ன என்று நினைத்தேன். பிள்ளைகளைப் புனேவுக்கும் பெங்களூருக்கும் கடல் கடந்தும் அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கும் நம்மில் எத்தனை பேருடைய ஆசை அது! நாமே ஒரு காலத்தில் ஊரில் பெற்றோரை விட்டுவிட்டு வந்தவர்கள்தானே.

படம் முடிந்து வெளியே வந்ததும் மகன் ஒரே வார்த்தையில், "செத்துட்டான்ப்பா, அது கற்பனை" என்றான். நான் "இல்லை" என்றேன். லோக்கல் ரயிலில் வீடு வரும் வரை வாதாடினோம். யாரும் யாரையும் திட்டவில்லை. இன்று அவன் வேறு ஊரில் வேலையாக இருக்கிறான். அந்த வாதம் இன்னும் முடியவில்லை. போனில் பேச வேறு விஷயம் இல்லாத நாட்களில் அதுதான் கை கொடுக்கிறது.

ஆகவே, பந்தியில் என்னைக் கேட்ட பெரியவருக்கு என் பதில் இதுதான். பிள்ளைகள் சண்டை போடட்டும் சார். ஏழு வருஷம் ஒரு கதையோடு பயணம் செய்தவர்கள், அது முழுசாக வந்து சேர்ந்ததா என்று எண்ணிப் பார்க்கிறார்கள். அது அன்பின் கணக்கு. ஆனால் பெட்டி குறைந்தது என்று கேட்கலாம், எழுதலாம், இரவெல்லாம் வாதாடலாம்; கார்டை அடிக்கப் போகக் கூடாது. அந்த ஒன்றை மட்டும் நாம் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால் போதும். அதற்கு நாமும் அவர்களோடு ஒரு தடவை தியேட்டருக்குப் போக வேண்டியிருக்கும். அவ்வளவுதான்.